யார் ஏலியன்?

'ஏலியன்' என்றால் பறக்கும் தட்டிலிருந்து இறங்கும் பச்சை நிறப் பிராணி. எந்தப் பள்ளிப் பிள்ளையும் இப்படித்தான் சொல்லும். எல்லாம் சினிமாவின் உபயம். ஆனால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அகளியில், இந்தச் சொல்லின் உறவினர் ஒருவர் நில வழக்குக் கோப்புகளில் குடியிருக்கிறார்.

லத்தீனில் 'ஆலியுஸ்' என்றால் 'மற்றொன்று'. அதிலிருந்து பிறந்த 'ஆலியேனுஸ்', 'பிறருக்கு உரியது' என்று பொருள்படும். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலம் சேர்ந்தது. 'சம்பவத்தன்று நான் வேறிடத்தில் இருந்தேன்' என்று குற்றம் சாட்டப்பட்டவர் காட்டும் 'அலிபி'யும் இதே குடும்பம்தான். சட்டத்தில் ஏலியன் என்றால் அயல்நாட்டவர். நம் அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவில் 'எதிரி ஏலியன்' வருகிறார். வேற்றுக்கிரகவாசி என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது.

சொத்து கைமாறுவது 'ஏலியனேஷன்'. தமிழ்ப் பத்திரங்களில் இது 'பராதீனம்', மலையாளத்தில் 'அன்யாதீனம்'. மார்க்சியத் தமிழிலோ 'அந்நியமாதல்'. நிலம் போவதற்கு ஒரு சொல், மனம் ஒட்டாமல் போவதற்கு ஒரு சொல் என்று தமிழ் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

அகளியில் இரண்டும் ஒன்றுதான். இருளர், முடுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடியில் 1951இல் பத்துக்கு ஒன்பது பேர் ஆதிவாசிகள். 2011 கணக்கெடுப்பில் பாதிக்கும் குறைவு. மலையேறி வந்தவர்களிடம் பத்திரம் இருந்தது. ஊருக்காரர்களிடம் பட்டா இல்லாத பாட்டன் நிலம் இருந்தது.

பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975இல் கேரளம் சட்டம் இயற்றியது. அதன் பெயரிலேயே 'ஏலியனேட்' ஆன நிலங்கள் என்று இருக்கிறது. ஆனால் விதிகள் வர 1986 ஆயிற்று. 1999இல் வந்த புதுச் சட்டம், வாங்கியவர் இரண்டு ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம், இழந்தவருக்கு அரசு வேறு நிலம் தரும் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

வேறு நிலம்! மறுபடியும் அதே 'ஆலியுஸ்'. அகராதிப்படி ஏலியன் என்பவர் வெளியிலிருந்து வந்தவர். அகளியில், வந்தவர் வீட்டுக்காரராகிவிட்டார், இருந்தவர் ஏலியனாகிவிட்டார்.