மன்னார்க்காரர் வாயில் ஒரு பிரெஞ்சுக் காலம்: தெரியுமா?

பேசாலைக் கரையில் ஒரு மீன் வாடிக்குப் போய், "எங்க, சின்னவனைக் காணேல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொல்லுவார்: "அவன் தலைமன்னாருக்குப் போயிருப்பான்." முடிந்தது! பிரெஞ்சுப் பாடப்புத்தகங்கள் பின்பக்கங்களுக்குத் தள்ளிவைத்து, படிப்பவர்களை வியர்க்க வைக்கிற ஒரு காலவடிவத்தைப் பெரியவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார் என்பது தெரியுமா?

பிரெஞ்சில் அதன் பெயர் 'ஃப்யுத்யூர் ஆந்தேரியோர்'. வருங்காலத்தில் ஒரு கட்டம் வரும்போது ஒரு வேலை ஏற்கெனவே முடிந்து கிடக்கும் என்று சொல்வதற்கான வடிவம். "ஞாயிற்றுக்கிழமைக்குள் வலையைத் திருத்தி முடித்திருப்பேன்" என்றால் அதுதான்.

ஆனால் பெரியவர் வருங்காலத்தைப் பற்றியா பேசினார்? இல்லையே! சின்னவன் போனது நடந்து முடிந்த காரியம். அவர் கண்ணால் காணவில்லை, ஊகிக்கிறார். 'போய்' என்பது முடிந்த வினை, 'இருப்பான்' என்பது எதிர்காலம், இரண்டும் சேர்ந்தால் ஊகம். இப்போது பாரிஸில் ஒருவர், வராத நண்பனைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள்: "இல் ஓரா உப்ளியே." மறந்திருப்பான்! 'ஓரா' எதிர்காலம், 'உப்ளியே' முடிந்த வினை, இரண்டும் சேர்ந்தால் அதே ஊகம். லத்தீனில் பிறந்த மொழி ஒன்று, திராவிட மொழி ஒன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடந்ததைத் திட்டமாகச் சொல்ல முடியாதபோது இரண்டும் எதிர்காலத்தைக் கையில் எடுக்கின்றன. ஒரே வித்தியாசம், தமிழ் துணைவினையைக் கடைசியில் ஒட்டும், பிரெஞ்சு முன்னால் நிறுத்தும்.

கட்டுவது எப்படி என்று கேட்கிறீர்களா? 'அவ்வார்' என்ற துணைவினையின் எதிர்கால வடிவத்தை எடுத்து, பின்னால் முடிந்த வினையை வைத்தால் போதும். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு பேருக்கும் எழுத்தில் ஆறு வடிவங்கள். ஆனால் வாயைத் திறந்தால் மூன்றே ஒலிகள்! 'நான்' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் 'ஓரே'. 'நீ', 'அவன்' இரண்டுக்கும் 'ஓரா'. 'நாம்', 'அவர்கள்' இரண்டுக்கும் மூக்கால் சொல்லும் 'ஓரோன்'. எழுதுகிறவருக்குத் தண்டனை, பேசுகிறவருக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று, கேட்டால் தலை சுற்றும். இந்த 'ஓரே' எங்கிருந்து வந்தது தெரியுமா? 'அவ்வார்' என்றால் 'உடைத்தாயிருத்தல்'. பேச்சு லத்தீனில் எதிர்காலம் சொல்ல விரும்பியவர்கள், வினையின் மூல வடிவத்துக்குப் பின்னால் அதே 'உடைத்தாயிரு' வினையை ஒட்டினார்கள். அது தேய்ந்து தேய்ந்துதான் இன்றைய பிரெஞ்சு எதிர்கால விகுதி ஆயிற்று. அப்படியானால் 'ஓரே'க்குள் 'உடைத்தாயிரு' ஒன்றல்ல, இரண்டு ஒளிந்திருக்கிறது! தனக்கே தன்னைத் துணைவினையாகக் கொண்ட வினை அது.

எல்லா வினைக்கும் 'அவ்வார்' சரிவராது என்பதுதான் அடுத்த கூத்து. போதல், வருதல், விழுதல், பிறத்தல், இறத்தல் போன்ற சுமார் பதினைந்து வினைகளும், தன்னையே சுட்டும் வினைகளும் 'ஏத்ர்' என்ற 'இரு' வினையைத்தான் கேட்கும். "இல் செரா பார்த்தி" என்றால் 'அவன் புறப்பட்டுப் போயிருப்பான்'. நமக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே 'இரு'. மன்னார்ப் பிள்ளைக்கு 'ஏத்ர்' பக்கம் சொந்த வீடு மாதிரி இருக்கும், 'அவ்வார்' பக்கம்தான் அந்நியம்.

இந்த இரண்டு துணைவினைகளும் ஒரே வினையில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமா? தலைமன்னார்ப் பாலத்தடிக்கு வாருங்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயில் ஏறியவர் கடலைக் கடந்து இங்கே இறங்கி, மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனார். போட் மெயில்! 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. போரில் குலைந்த தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தது. போட் மெயில் காலத்துப் பயணி ஒருவர் "ஆறு மணிக்குள் நான் ஏறியிருப்பேன், பெட்டியையும் ஏற்றியிருப்பேன்" என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் ஏறுவதற்கும் ஏற்றுவதற்கும் ஒரே வினைதான், 'மோந்தே'! வேறுபாட்டை எப்படிக் காட்டுவார்கள்? துணைவினையை மாற்றுவார்கள். தான் ஏறினால் "ஜ செரே மோந்தே". பெட்டியை ஏற்றினால் "ஜோரே மோந்தே". இறங்குவதும் இறக்குவதும் இப்படியே. நாம் 'ஏறு'வில் ஒரு 'ற்' சேர்த்து 'ஏற்று' என்போம், 'இறங்கு'வை 'இறக்கு' ஆக்குவோம். தன்வினை பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை அவர்கள் துணைவினையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதைப் பிரெஞ்சு வாத்தியார்கள் விதிவிலக்கு என்று சொல்லிப் பயமுறுத்துவதுதான் வருத்தம். தமிழ்ப் பிள்ளைக்கு இது விலக்கே இல்லை.

சரி, மன்னார்க் கடல் பாரிஸ் மேடையேறியது தெரியுமா? 1863 செப்டம்பர் 30. பாரிஸின் தெயாத்ர் லிரிக் அரங்கில் 'முத்துக் குளிப்போர்' என்ற இசைநாடகம். இசையமைத்த ஜார்ஜ் பிசேக்கு வயது 24. கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை! முதலில் மெக்சிகோவில் நடப்பதாகத்தான் கதையை யோசித்தார்களாம், பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். அதில் லெய்லா என்ற முக்காடிட்ட கன்னி, முத்துக் குளிப்பவர்களுக்குத் தீங்கு வராதிருக்கப் பாறைமேல் நின்று பிரார்த்தித்துப் பாடுகிறாள். மன்னார்க் கரையின் அரிப்பிலும் சிலாபத்துறையிலும் நிஜமாகவே அப்படி ஆட்கள் இருந்தார்கள்! 'கடல் கட்டிகள்' என்று பெயர். சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லுவார்கள். அவர்கள் கரையில் இல்லாவிட்டால் குளிகாரர் தண்ணீரில் இறங்கவே மாட்டார்கள். ஆங்கில அரசாங்கமே 19ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, முத்து வருமானத்தில் இருந்தது!

பிசே 1875இல், 'கார்மென்' மேடையேறி மூன்றே மாதத்தில், 36 வயதில் இறந்துபோனார். இலங்கை மண்ணை மிதித்ததே கிடையாது. இதை ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் எப்படி எழுதுவார் தெரியுமா? "இல் நோரா ஜமே வ்யூ செய்லான்." எதிர்காலத்தில்! ஒரு வாழ்க்கையோ ஒரு வருடமோ ஒரு ஆட்டமோ முடிந்தபின், மொத்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லும்போது அவர்கள் இந்தக் காலத்தைத்தான் எடுப்பார்கள். பிசே இலங்கையைக் கடைசி வரை பார்க்கவேயில்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன மனிதருக்கு எதிர்கால வினை! இங்கே மட்டும் தமிழ் கூட வராது. 'பார்த்திருக்க மாட்டார்' என்றால் நமக்கு அது ஊகமாகிவிடும், ஊர்ஜிதமாகாது.

பிரெஞ்சு மன்னாருக்கு வேறு வழியாகவும் வந்தது. பிரான்சில் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபையின் குருக்கள் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் பொன்ஜான் ஆண்டகை பிரெஞ்சுக்காரர். முதலில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பணியாற்றி, பிறகு இந்தச் சபையில் சேர்ந்து இலங்கைக்கு வந்தவர். இன்று நாம் பார்க்கும் மடுமாதா கோயிலுக்கு 1872இல் அடிக்கல் நாட்டியவர் அவர்தான்! புதுச்சேரியில் மூசே, துய்பூய் என்ற இரண்டு குருக்கள் 1855இல் தமிழ்-பிரெஞ்சு அகராதியையே அச்சிட்டிருந்தார்கள். 'போயிருப்பான்' என்பதைத் தங்கள் மொழியோடு ஒப்பிட்டுப் பார்த்து அந்தப் பிரெஞ்சுக் குருமார் எத்தனை பேர் துள்ளியிருப்பார்கள்! (இதுவும் அந்தக் காலம்தான், கவனித்தீர்களா?)

இப்போது பயணம் திரும்பிவிட்டது. பாரிஸின் லா ஷப்பெல் கடைத்தெருவில் தமிழ் கேட்காத நாள் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவருக்கு 2026 ஜனவரி முதல் பி-2 நிலை மொழியறிவு வேண்டும் என்று சட்டம் ஏறியிருக்கிறது. முன்பு பி-1 போதுமாயிருந்தது. அந்தப் படியில் இந்தக் காலத்தைத் தவிர்க்க முடியாது. நம்மவர் எங்கே சறுக்குவார் தெரியுமா? 'போது' என்று பொருள்படும் 'கான்' என்ற சொல்லில்!

"காற்று அடங்கினதும் போவம்" என்பார் மன்னார்ச் சம்மாட்டி. காற்று இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் 'அடங்கின' என்று இறந்தகாலம்! எதிர்கால வேலைக்கு இறந்தகாலம் போடுவது நமக்குப் பழக்கம். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் கொடுப்பதில்லையா? இதற்குத் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் விரைவு, மிகுதி, தெளிவு என்று காரணங்களை அடுக்குகிறது. அந்த விரைவுக்குப் பிரெஞ்சுக்காரர் எதை எடுப்பார்? "ஜோரே வீத் ஃபினி", சட்டென்று முடித்திருப்பேன்! சுற்றிச் சுற்றி அதே காலம்தான்.

ஆனால் காற்று விஷயத்தில் பிரெஞ்சு விட்டுக்கொடுக்காது. 'கான்' வந்து, பிந்தைய வினை எதிர்காலமானால், முந்தைய வினையும் எதிர்காலத்தில்தான் நிற்க வேண்டும்: "கான் ல வான் செரா தோம்பே, நூ பார்த்திரோன்." காற்று அடங்கியிருக்கும்போது புறப்படுவோம் என்ற மாதிரி! நமக்குக் காதில் உரசும், அவர்களுக்கு அதுதான் நேர்த்தி. 'அடங்கிய உடனே' என்பதிலுள்ள 'உடனே'க்கு ஈடான 'தே க' வந்தாலும் இதே சட்டம்.

இதைப் பிடித்துக்கொண்டு, 'ஆல்' விகுதிக்கு ஈடான 'ஸி'யிலும் நம்மவர் எதிர்காலத்தைத் திணித்துவிடுவதுண்டு. கூடாது! காற்று அடங்கினால் போவோம் என்று நிபந்தனை போட்டால், 'ஸி'க்குப் பின்னால் எதிர்காலம் வரவே வராது. நிகழ்காலம் போதும், முடிந்ததைக் காட்ட வேண்டுமானால் 'பஸ்ஸே கோம்போசே' என்ற முடிந்த காலம். இந்த ஒரு விதியைப் பிரெஞ்சுப் பிள்ளைகளே பள்ளிக்கூடத்தில் பிழையாக எழுதித் திட்டு வாங்குகிறார்கள் என்பது தேர்வுக்குப் போகிறவருக்குக் கொஞ்சம் தெம்பு தரும்.