18 கிலோ

1985. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உடல் பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்திவந்தார் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணிடம், ‘முதல் உடலுறவின்போது உங்கள் வயது என்ன?’ என்று கேட்கப் போனவர், நாக்குப் பிசகி ‘எடை என்ன?’ என்று கேட்டுவிட்டார்.

‘40 பவுண்டு’ என்றார் அந்தப் பெண். நம் கணக்கில் 18 கிலோ. நாலைந்து வயதுக் குழந்தையின் எடை. செய்தது அவருடைய அப்பா.

வழக்கமாக மருத்துவர்கள் கேட்காத கேள்வி அது. பிறகு சக ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து, 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களின் பால்ய காலத்தைப் பற்றி ஃபெலிட்டி விசாரித்தார். அடி, வசவு, பாலியல் அத்துமீறல், வீட்டில் குடிகாரர், அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது எனப் பட்டியல் நீண்டது. 2001-ல் வெளியான முடிவு இது: இவற்றில் ஏதேனும் ஒன்றை அனுபவித்திருந்தாலே, தற்கொலைக்கு முயலும் அபாயம் 2 முதல் 5 மடங்கு கூடுகிறது. ஏழோ அதற்கு மேலோ என்றால் சுமார் 31 மடங்கு. அடிபட்ட எல்லாக் குழந்தைகளும் தற்கொலை முயற்சி வரை போவதில்லை. ஆனால் சுமை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

என்னை உறுத்துவது வேறு. அந்தப் பட்டியலில் கனமானது கைப்பிரம்பு அல்ல, வாய். ‘சனியனே’, ‘உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மியைப் பெத்திருக்கலாம்’ என்பதையெல்லாம் நாம் கொடுமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ‘என் பிள்ளை மேல் நான் கை வைத்ததே கிடையாது’ என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில், ரேங்க் கார்டு வரும் நாளில், அப்பாவின் வாய்க்குப் பயந்து சாப்பாட்டு மேசையில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வீட்டுப் பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். ஒரு கவளம்கூட உள்ளே போகாது. தினமும் வசவைக் கேட்டு வளரும் பிள்ளை, வீடு தப்பு என்று நினைக்காது. நான்தான் தப்பு, நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைக்கும். பதினாலு, பதினைந்து வயதில் அந்த நினைப்புதான் ஆபத்து.

நம் நாட்டிலும் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி, 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று, மனம் நோகும்படி நடத்தப்பட்டதாகச் சொன்னது.

பிள்ளையிடம் ‘சாகணும்போல இருக்கா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். பிள்ளை திடீரென ஒதுங்கினால், பிடித்த பொருளையெல்லாம் தூக்கிக் கொடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். பதிலுக்கு நடுவே புத்திமதி வேண்டாம்.

குழந்தைகள் 1098-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. இந்தப் பக்கத்தைக் கிழித்து, பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.