நீர்ப்பிடிப்புப் பிரதேசமும் தைல மரமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

மலையில் மரம் மிகுந்தால் ஆற்றில் ஜலம் மிகும் என்பது குடியானவர்கள் பலருடைய எண்ணம். மொட்டைச் சரிவினின்று மண் அரித்துப்போவதை மரம் தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும், எவ்விடத்தில் எம்மரம் என்று கவனியாது நட்டால், அம்மரமே ஓடையின் பங்கைக் குடித்துவிடும். நீலகிரியில் நடந்த ஒரு பரிசோதனை இதனை விளக்குகின்றது.

ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ மழைநீரை அனுப்பும் நிலம் முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் எனப்படும். பெய்த மழையில் ஒரு பகுதி உடனே ஓடிவிடும். ஒரு பகுதி மண்ணில் இறங்கிப் பின்னர் ஊற்றாய்க் கசியும். எஞ்சியது பயிர் பச்சைகளின் வழியாகவும் நேராகவும் ஆவியாய்ப் போகும். கோடையில் ஓடையில் காண்பது அவ்வூற்று ஜலமே.

நீலகிரியின் மேட்டு நிலம் முற்காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைகள் இருந்தன. ஆஸ்திரேலியாவினின்று 19ஆம் நூற்றாண்டில் வந்த தைல மரம் பின்னர் இப்புல்வெளிகளில் பெருவாரியாய் நடப்பட்டது. இதன் பலனை அறிய, கிளென்மார்கனில் சுமார் 80 ஏக்கர் வீதம் இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தெரிந்தெடுத்து, 1968 முதல் ஓடை ஜலத்தை அளந்துவந்தனர். 1972இல் ஒன்றில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு நிலத்தில் தைல மரம் நட்டனர். மற்றதைப் புல்லும் சோலையுமாகவே விட்டனர்.

முதற் பத்து வருஷங்களில், மரம் நட்ட நிலத்தின் ஓடை ஜலம் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த காலத்தில் குறைவு நூற்றுக்கு 25 பங்காயிற்று. பழைய வேர் ஆழத்தில் இருந்தமையால் துளிர் விரைவில் தழைத்து மிகுந்த ஜலத்தை இழுத்தது. மழையற்ற மாதங்களில்தான் இக்குறைவு மிகவும் தெரிந்தது.

இப்பக்கத்து ஜலம் மோயாற்றின் வழியே பவானிசாகரை அடைகின்றது. 2 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பாசனம் அவ்வணையை நம்பியிருக்கின்றது. ஆகவே மலையில் நடும் கன்று கீழ்நாட்டு மிராசுதாரரின் விஷயமுமாகும்.

சமவெளியில் மழையும் மண்ணும் வேறாதலால் அளவு மாறும், நியாயம் ஒன்றே. எனவே நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை:

1. ஊற்றுக்கண், வரத்துக்கால், ஏரி உட்புறம் ஆகியவற்றின் அருகே தைல மரம் வைக்கலாகாது.

2. விறகுக்கு வேண்டுமாயின், அவற்றிற்குத் தூரமான தரிசில் ஒரு பகுதியில் மட்டும் வைக்கலாம்.

3. புல் மூடிய சரிவை உழாது விடுதல் நலம். உழுதே ஆகவேண்டுமாயின், சரிவுக்குக் குறுக்கே உழுது சம உயர வரப்புப் போடவேண்டும்.

4. பொது நிலத்தில் கன்று நடுமுன், அந்நிலத்தின் மழைநீர் எந்த ஏரிக்குப் போகின்றதென்று நேரில் நடந்து பார்த்தல் அவசியம்.