பிடுங்கினால் பெருகும் காளான் முருகை

நெடுந்தீவில் காணிகளைச் சுற்றி ஓடும் வேலிகள் பல கிடுகாலோ கதியாலாலோ ஆனவை அல்ல. சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய முருகைக்கல் மதில்கள் அவை. அங்கே இடிந்து நிற்கும் கோட்டையும் அதே கல்லால் ஆனதுதான். யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் முருகைக்கல் இருக்கிறது. மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கூடு கட்டிக்கொண்டன. அந்தக் கூடுகள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து இறுகித் தீவகத்து மக்களுக்கு மதிலும் கோட்டையும் ஆயின.

இந்தக் கல் கட்டும் உயிர்களுக்கு நெருங்கிய இனம் ஒன்று உண்டு. அதற்கும் வாய் உண்டு, கொட்டும் கலங்கள் உண்டு, உடலுக்குள் குடியிருந்து வெயிலில் உணவு சமைத்துத் தரும் பாசியும் உண்டு. கல் கட்டும் பழக்கம் மட்டும் கிடையாது. பாறையில் ஒட்டிய காளானின் குடைபோல விரிந்திருப்பதால் உலகெங்கும் கடல்தொட்டி வளர்ப்போர் அதைக் காளான் முருகை என்கிறார்கள். டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ், ரிகோர்டியா என்பன தொட்டிகளில் அதிகம் காணப்படும் வகைகள். யானைக்காது என்று பெயர் பெற்ற பெரிய வகை, தன்மேல் வந்து தங்கும் சிறுமீனைப் பை கட்டுவதுபோல் விளிம்பைச் சுருக்கி மூடி விழுங்கிவிடும்.

தீவகத்தில் பிறந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழ்பவர்களுக்கு வரவேற்பறையில் ஒரு கடல்தொட்டி என்பது இப்போது எட்டாத ஆசை அல்ல. அப்படித் தொடங்குவோருக்குக் கடைக்காரர் முதலில் கொடுப்பது பெரும்பாலும் காளான் முருகைதான். மங்கிய வெளிச்சமும் மெதுவான நீரோட்டமும் அதற்குப் போதும். தண்ணீரில் நைத்திரேற்று சற்றுக் கூடினாலும் தாங்கும். உப்பு இலீற்றருக்கு 35 கிராம் அளவிலும் வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள்ளும் நிலையாக இருந்தால் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விரிந்து நிற்கும். அரிய நிறம் கொண்ட ஒரேயொரு காளான் நூற்றுக்கணக்கான டொலருக்கு விலை போவதும் உண்டு.

சிக்கல் பிறகுதான் வரும். ஒன்று இரண்டாகும், இரண்டு பத்தாகும். ஓராண்டுக்குள் தொட்டியின் ஒரு பக்கம் முழுவதும் காளானாகிவிடும். பக்கத்தில் இருக்கும் கல்முருகையைத் தொடும் இடத்தில் ரோடாக்டிஸ் தன் விளிம்புத் தும்புகளைச் சில வாரங்களில் தடித்த குமிழ்களாக மாற்றி, அயலானைக் கொட்டிக் கொன்று இடம் பிடிக்கும். அழகுக்கு வாங்கியதை எப்படி அகற்றுவது என்று வீட்டுக்காரர் அப்போதுதான் தேடத் தொடங்குவார்.

அது பெருகும் விதம் தெரிந்தால்தான் அகற்றவும் தெரியும். சில காளான்கள் வாய் நீண்டு, நடுவே பிளந்து இரண்டாகின்றன. சில, பாறையில் ஊர்ந்து நகரும்போது பாதத்தின் சிறு கிழிசலை விட்டுச் செல்கின்றன. அந்தக் கிழிசலிலிருந்து புதிய வாயும் புதிய குடையும் முளைக்கும். இன்னும் சில பிடியை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு மிதந்து போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொட்டிக்குள்ளேயே கத்தியால் சுரண்டுவதுதான் இருக்கும் வழிகளில் மோசமானது. சுரண்டிய இடத்தில் எஞ்சும் தசை மறுபடி வளரும். பறந்த துணுக்குகள் தொட்டியின் மறுபக்கம் போய் முளைக்கும்.

செய்யக்கூடியதில் சிறந்தது, காளான் ஒட்டியிருக்கும் கல்லையே வெளியே எடுப்பது. கல் சிறிதானால் முழுவதையும் எடுத்துவிடலாம். பெரிதானால், எலும்பு வெட்டும் இடுக்கியால் காளானுக்குக் கீழேயுள்ள கல்லை ஒரு மெல்லிய சில்லாகப் பெயர்க்க வேண்டும். பாதம் கிழியாமல் கல்லோடு வருவதே குறி. கல்லை அசைக்கவே முடியாதபோது மட்டும் தொட்டிக்குள் கைவைக்கலாம். முதலில் பம்பியை நிறுத்த வேண்டும். ஒரு கையால் பெயர்க்க, மறு கையில் உறிஞ்சுகுழாயைப் பிடித்து ஒவ்வொரு துணுக்கையும் வாளிக்குள் இழுத்துவிட வேண்டும். மீந்த தசையின்மேல் நீருக்கடியில் இறுகும் எப்பொக்சிப் பசையைத் தடித்த தட்டாக அப்பி மூடினால் அது வெளிச்சமும் உணவும் இன்றி மடியும். ஓரத்தில் சிறு இடுக்கு இருந்தாலும் அதன் வழியே வெளியே வந்துவிடும் என்பதால் மூடுவதைத் தாராளமாக மூட வேண்டும்.

கொல்வதற்குச் சுண்ணாம்பும் உண்டு. கல்சியம் ஐதரொட்சைட்டை, அதாவது நீறிய சுண்ணாம்பை, கொஞ்சம் நீரில் குழைத்துச் சிரிஞ்சால் காளானின் வாய்க்குள் செலுத்துவார்கள். கடுங்காரம் பட்ட தசை வெந்து கரையும். முருகைக்கல்லையும் சிப்பியையும் காளவாயில் சுட்டு நீற்றிய கரையோரத்தாருக்கு இந்தப் பொருள் புதிதல்ல. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் தொட்டியில் போடக் கூடாது. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தூய பொடியே வேண்டும். ஒரே நாளில் நிறையக் காளான்களுக்குக் குத்தினால் தொட்டியின் காரத்தன்மை திடீரென்று ஏறி மீன்களையும் கொல்லும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இந்த வேலையில் இறங்கவும் வேண்டாம்.

வளர்க்க விரும்புபவருக்கு இதே இயல்பு வசதியாகிறது. காளானைக் கல்லிலிருந்து எடுத்து, வாயின் நடுவே போகுமாறு கூரிய சத்திரக்கத்தியால் இரண்டாகவோ நான்காகவோ வெட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் வாயின் ஒரு பகுதி இருந்தால் விரைவில் ஆறும். வெட்டும் தட்டில் ஊற்றுவது தொட்டி நீராகவே இருக்க வேண்டும், நன்னீர் படக் கூடாது. வெட்டியவுடன் நிறையச் சளி வரும். அந்தச் சளி தொட்டிக்குள் போகாமல் வேறு கிண்ணத்தில் அலசிவிட வேண்டும். பசை போட்டு ஒட்டும் முயற்சி பெரும்பாலும் வீண். சளி பசையைத் தள்ளிவிடும். அனுபவமுள்ளவர்கள் ஒரு சிறு பெட்டியில் உடைகற்களைப் பரப்பி, துண்டுகளை அவற்றின்மேல் போட்டு, மேலே நுளம்புவலைத் துண்டைக் கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு கிழமைகளில் துண்டுகள் தாமாகவே கல்லைப் பற்றிக்கொள்ளும். டிஸ்கோசோமா இதையெல்லாம் எளிதில் தாங்கும். ரிகோர்டியாவுக்குப் பொறுமை வேண்டும். அழுகத் தொடங்கிய துண்டை அன்றே எடுத்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காளான் முருகை இருக்கும் அதே கல்லில் பொத்தான்களைப் போன்ற சுவாந்திட்டு எனும் உயிர்களும் ஒட்டியிருப்பதுண்டு. அவற்றுள் பாலிதோவா என்ற வகையில் பாலிடொக்சின் எனும் மிகக் கொடிய நஞ்சு இருக்கலாம். அப்படிப்பட்ட கல்லைக் கொதிநீரில் போடுவதும், தொட்டிக்கு வெளியே வைத்துத் தூரிகையால் தேய்ப்பதும் உயிருக்கு உலை வைக்கும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்சயரில் ஸ்டீவென்டன் என்ற ஊரில், வீட்டுத் தொட்டியின் முருகையைச் சுத்தம் செய்தபோது கிளம்பிய நஞ்சால் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

தொட்டிக்குள் நடப்பது கடலிலும் நடந்திருக்கிறது. ஹவாய்க்குத் தெற்கே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தொலைவில், பசிபிக் நடுவே பல்மைரா என்ற முருகைத் தீவு உண்டு. 1991இல் அங்கே ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டிச் சிதைந்தது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, கப்பலைச் சுற்றியிருந்த பாறைகளில் கல்முருகை இல்லை; ரோடாக்டிஸ் காளான் கம்பளமாய் விரிந்து கிடந்தது. கப்பலுக்கு அருகே மிக அடர்த்தி, தள்ளிப் போகப் போகக் குறைவு. இரும்புச் சங்கிலியால் கட்டிய மிதவைகளின் அடியிலும் அதே காட்சி. கப்பலிலிருந்து கரைந்த இரும்பு அதை ஊக்கியிருக்கலாம் என்று 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. கப்பலின் எச்சங்களை 2013, 2014இல் வெட்டி அகற்றினார்கள். காளானைக் குளோரின் இட்டுக் கொல்லவும் முயன்றார்கள். காளான் மூடிய பாறை வளராது. சுண்ணாம்பு கட்டுபவர் இல்லாவிட்டால் அலை தேய்ப்பதை ஈடுசெய்ய எவரும் இல்லை.

இரும்பு நம் கடலிலும் இறங்கியிருக்கிறது. 2021 ஜூனில் நெடுந்தீவுக்கு அப்பால் மீன் பெருக வேண்டும் என்று பழைய பேருந்துக் கூடுகள் கடலில் இறக்கப்பட்டன. பல்மைராவைச் சுற்றியிருப்பது இரும்புச் சத்து அரிதான நடுக்கடல். பாக்குநீரிணையோ கரையை ஒட்டிய ஆழமற்ற கடல். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது தவறு. ஆனாலும் இரும்பைக் கடலில் இறக்கும் எவருக்கும் அருகிலுள்ள முருகைப் பாறைகளைத் தொடர்ந்து முக்குளித்துப் பார்ப்பது கடமை.

பிடுங்கினால் பெருகும் உயிருக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது, அது காளான் அல்ல, பாசி. பிலிப்பைன்சிலிருந்து வந்த கப்பாஃபைக்கஸ் என்ற கடற்பாசியை 1990களில் இராமநாதபுரம் மண்டபம் கரையில் வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு அது பலருக்கு வருமானமும் தந்தது. 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அதே பாசி உயிருள்ள முருகைமேல் படர்ந்து மூடியிருப்பது தெரியவந்தது. கையால் பிடுங்கினார்கள், எஞ்சிய துணுக்குகள் மறுபடி தளிர்த்தன. முருகைத் தொட்டிக்காரர் வீட்டுக்குள் படும் பாட்டை அங்கே கடலில் பட வேண்டியிருந்தது. இதே துண்டாக்கும் முறையால் நன்மையும் நடக்கிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் கல்முருகைத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறது. நடுவது அதே கடலைச் சேர்ந்த முருகை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோர முருகைப் பாறைகளை முழுமையாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2021இல் வெளிவந்தது. 113 முருகை இனங்கள் அதில் பதிவாகின, அவற்றுள் 36 இலங்கையில் முதல் தடவையாகக் காணப்பட்டவை. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதே கட்டுரையின்படி செத்த முருகையும் அங்கே நிறைய. காலியாகக் கிடக்கும் செத்த முருகை, வேகமாகப் பரவும் எந்த வந்தேறிக்கும் விரித்து வைத்த பாய். வெனிசுவேலாவின் மொச்சிமா கடற்பூங்காவில் தொட்டி வணிகத்தால் வந்த யூனோமியா என்ற மென்முருகை இப்படித்தான் பாறைகளை மூடியது. பிறகு அதே இனம் ஹவாயின் பேர்ல் துறைமுகத்திலும் காணப்பட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. பரவைக்கடல் அங்கே வீட்டு வாசலுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. கடல்தொட்டி வைக்கும் ஆசை உள்ள இளையவர் ஒருவர் அந்த நீரையே வாளியில் அள்ளலாம் என்று நினைக்கக்கூடும். அது சரிவராது. கோடையில் கடல்நீரேரியின் உப்பு கடலைவிட ஏறும், கார்த்திகை மார்கழி மழையில் சட்டென்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொட்டி முருகை தாங்காது. கரையில் கிடக்கும் முருகைக்கல்லை எடுத்து வருவதும் கூடாது. இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் வைத்திருப்பதையும் ஏற்றிச் செல்வதையும் தடை செய்கின்றன. இந்தியாவில் கல்முருகை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர்கள் நினைவுக்காக ஒரு முருகைக்கல்லைப் பெட்டிக்குள் வைத்தாலும், அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டுவது பன்னாட்டு உடன்படிக்கையையும் மீறுவதாகலாம்.

ஆகவே தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்க இருப்பது இதுதான். காளான் பெருகிவிட்டால் வளர்க்க விரும்பும் இன்னொருவருக்குக் கொடுங்கள். எவரும் எடுக்காவிட்டால் துண்டுகளையும் சுரண்டிய சளியையும் நன்னீரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, குப்பையோடு போடுங்கள். வெட்டும்போது பயன்பட்ட நீரை, வெளுக்கும் குளோரின் திரவம் கலந்து ஒரு நாள் வைத்த பின்னரே ஊற்றுங்கள். எவ்வளவு இரக்கமாக இருந்தாலும் உயிருள்ள ஒரு துணுக்கைக்கூடக் கடலில் விடாதீர்கள்.