ஒரே நாளில் கடலுக்குப் போய் வருவோம் – பத்திரமாக!



தை பிறந்தால் நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு எழும். "இந்த வருஷமாவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கக்கா!" வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர், தோல் ஷாப்பில் ஈரத்தில் நின்றவர், வீட்டில் பீடி சுற்றியவர், எல்லாருக்கும் ஒரு நாள் வெளிக்காற்று வேண்டும். நம் பாலாறு வயலூர் பக்கம் கடலில் சேருகிறது. ஆனால் பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தும் கடலையே பார்க்காத உறுப்பினர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

சுற்றுலா போவது வீண் செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம். சேர்ந்து போய் வந்த குழுவில் ஒற்றுமை கூடும். ஆனால் கடனுக்கும் சேமிப்புக்கும் எவ்வளவு கவனமாகத் திட்டம் போடுகிறோமோ, அதே கவனம் இதற்கும் வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் எங்கே போகலாம் என்று பார்ப்போம்.

எந்தத் தீவு?

தீவு என்றதும் ராமேஸ்வரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேலூரிலிருந்து அது சுமார் 500 கி.மீ. போகவே ஓர் இரவு ஆகிவிடும். ஞாயிறு ஒரு நாள் லீவில் போய்வர அது ஒத்து வராது. அதற்குக் குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள்.

ஒரே நாளில் முடிகிற இடம் புதுச்சேரி அருகே உள்ள சுண்ணாம்பாறு. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் சுமார் 8 கி.மீ. போனால் நோணாங்குப்பத்தில் படகுக் குழாம் இருக்கிறது. இதைப் புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. அங்கிருந்து படகில் ஆற்றின் வழியே போனால் 'பாரடைஸ் பீச்' என்ற மணல் கரை வரும். ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர், மறுபக்கம் வங்கக் கடல், நடுவே தீவு போல மணல் திட்டு. படகில் இறங்கி நடந்தால் எதிரே கடல் விரிந்து கிடக்கும்.

சுண்ணாம்பாறு என்பது சங்கராபரணி ஆற்றின் ஒரு கிளை. சங்கராபரணிக்குச் செஞ்சி ஆறு என்றும் பெயர் உண்டு, செஞ்சி மலைப் பக்கம்தான் அது பிறக்கிறது. நம் பஸ்ஸும் செஞ்சி வழியாகத்தான் போகும். காலையில் ஆறு பிறக்கும் ஊரைத் தாண்டி, மதியத்துக்குள் அது கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கலாம். பிள்ளைகள் வந்தால் இதைச் சொல்லிக் காட்டுங்கள். செஞ்சிக் கோட்டையை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டையைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஏற ஆரம்பித்தால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும்.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகில்தான் கரையைக் கடந்தது. ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். கிளம்புவதற்கு முதல் நாள் வானிலைச் செய்தி கேளுங்கள். படகு ஓடுகிறதா என்று படகுக் குழாமுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள்.

பணம்: சேமிப்பில் கை வைக்காதீர்கள்

குழுச் சேமிப்பு, சுழல் நிதி, வங்கிக் கடன் எதையும் சுற்றுலாவுக்குத் தொடக்கூடாது. இதற்கென உள்கடன் கொடுப்பதும் சரியில்லை. கடலைப் பார்த்துவிட்டு வந்து ஆறு மாதம் வட்டி கட்டுவது சந்தோஷமா? பத்து மாதம் முன்னாலேயே தனியாகச் சேருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு (கணக்கு புரிவதற்காக வைத்த தொகைகள்தான், நீங்கள் விசாரித்து உங்கள் தொகையைப் போடுங்கள்):

45 பேருக்கு பஸ் வாடகை, டீசல், டோல், பெர்மிட், ஓட்டுநர் படி – ரூ.27,000
படகு, நுழைவுச் சீட்டு – ரூ.9,000
சாப்பாடு, தண்ணீர், டீ – ரூ.4,500
அவசரத்துக்கு – ரூ.4,500
மொத்தம் – ரூ.45,000

தலைக்கு ரூ.1,000. மாதம் ரூ.100 வீதம் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். இதற்குத் தனி நோட்டு போடுங்கள். பணம் இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். யாராவது கடைசியில் வர முடியாமல் போனால் பணத்தை எவ்வளவு திருப்பித் தருவது என்று முன்பே தீர்மானம் எழுதுங்கள். போய் வந்த அடுத்த கூட்டத்தில் ரசீதுகளோடு கணக்கு வாசியுங்கள். அவசரப் பணம் மிஞ்சினால் பிரித்துக் கொடுங்கள். சுற்றுலாக் கணக்கில் வந்த சந்தேகம் குழுவையே உடைத்துவிடும்.

பஸ் பேசும்போது

மலிவாக வருகிறது என்று தெரிந்தவர் வண்டியையோ பள்ளிக்கூட வண்டியையோ பேசிவிடாதீர்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டில் கருப்பு எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட் என்றால் சொந்த உபயோக வண்டி, அதை வாடகைக்கு விடக்கூடாது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே செல்லும் பெர்மிட் வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் நான்கின் நகலையும் முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள். ஆர்.சி.யில் எத்தனை சீட் போட்டிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். "புள்ளைங்கதானே, மடியில வெச்சிக்கலாம்" என்று கூட்டினால், ஏதாவது நடந்தபின் நஷ்டஈடு கேட்கும்போது சிக்கல் வரும்.

முக்கியமான விஷயம் ஓட்டுநர். ஆம்பூரிலிருந்து போக வர 400 கி.மீ.க்கு மேல் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி இரவு 10 மணிக்குத் திரும்பினால் 18 மணி நேரம். ஒரு ஓட்டுநருக்கு ஒரு நாள் வேலை 8 மணி நேரம்தான். அதனால் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்று பேசும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. நாம் கடற்கரையில் இருக்கும் நேரத்தில் ஓட்டுநர்கள் சாப்பிட்டு நிழலில் தூங்கட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்?

2023 செப்டம்பர் 11 அதிகாலையை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. ஆம்பூர் அருகே ஓணாங்குட்டை கிராமத்திலிருந்து தர்மஸ்தலா சுற்றுலா போனவர்கள் வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீடு கிட்டே வந்துவிட்டது. நாட்றம்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையில் டயர் பஞ்சர் ஆனது. வண்டி நின்றது. இறங்கிய பெண்கள் வண்டிக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி நின்றிருந்த வேன் மீது மோத, வேன் அவர்கள் மேல் ஏறியது. நம் சகோதரிகள் 7 பேர் இறந்தார்கள்.

அந்தப் பெண்கள் மேல் என்ன தப்பு? களைப்பில் யாரும் உட்காரத்தான் செய்வோம். வண்டி நின்றால் எங்கே நிற்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இப்போது தெரிந்துகொள்வோம்.

வழியில் வண்டி நின்றுவிட்டால்:
1. எல்லாரும் இடது பக்கமாக இறங்கி, சாலையோரத் தடுப்பைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும்.
2. வண்டிக்கு முன்னாலோ, பின்னாலோ, நடுவில் உள்ள தடுப்பிலோ நிற்கவோ உட்காரவோ கூடாது.
3. ஓட்டுநர் நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டும். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தூரமாக வைக்க வேண்டும். அந்த முக்கோணம் வண்டியில் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள்.
4. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112.

இரவுப் பயணத்தைக் குறைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். "இன்னும் ஒரு இடம் பாத்துட்டுப் போலாம்" என்று நேரத்தை இழுக்காதீர்கள். மணக்குள விநாயகர் கோயிலில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். அதற்குக் காத்திருந்தால் எத்தனை மணிக்கு வீடு சேர்வோம் என்று முன்பே கணக்குப் போடுங்கள்.

நாள் திட்டம்

காலை 4.00 – ஆம்பூர்
5.00 – வேலூர். பிறகு ஆரணி, சேத்பட் வழி
7.30 – செஞ்சி அருகே டிபன், கழிப்பறை
9.45 – திண்டிவனம், புதுச்சேரி வழியாக சுண்ணாம்பாறு
10.15 – படகு
மதியம் 1.00 – திரும்பும் படகு, நிழலில் சாப்பாடு
2.30 – புதுச்சேரி கடற்கரைச் சாலை
4.00 – புறப்பாடு
இரவு 9.30 – ஆம்பூர்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்க் போன்ற இடத்தில் கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் அதிகம். வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். நாப்கின், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டுக்கு ஆம்பூர் பிரியாணி கட்டிக்கொண்டு போகத்தான் ஆசை வரும். விடியற்காலை கட்டிய கறிச்சோறு மதிய வெயிலில் கெட்டுப்போகும். புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி தாங்கும். பிரியாணியை இன்னொரு நாள் ஊரிலேயே சாப்பிட்டுக்கொள்வோம்!

படகில்

2023 மே 7-ல் கேரளாவில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள், இருட்டிய பிறகு ஓட்டினார்கள். 2011 டிசம்பர் 25-ல் நம் பழவேற்காடு ஏரியிலும் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆகவே:

டிக்கெட் கொடுக்கும் படகில் மட்டும் ஏறுங்கள். தனியார் படகில் குறைந்த காசுக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, கொக்கியை மாட்டிய பிறகே படகு நகர வேண்டும். "புடவைக்கு மேல நல்லா இருக்காது" என்று கையில் பிடித்துக்கொண்டால் பயனில்லை. போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் போகாதீர்கள், படகு சாயும். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

கடலில்

கால் நனையுங்கள், மணலில் உட்காருங்கள், கிளிஞ்சல் பொறுக்குங்கள். குளிக்க இறங்க வேண்டாம். நாம் ஏரியும் கிணறும் பார்த்தவர்கள், கடலின் குணம் வேறு. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அப்படி ஒன்றுசேர்ந்து திரும்பும் இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். அங்கேதான் இழுப்பு அதிகம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலும் இழுப்பு உண்டு. நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவராலும் முடியாது.

யாராவது இழுக்கப்பட்டால் பின்னாலேயே ஓடி இறங்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறப்பது இப்படித்தான். கயிறு, காலி தண்ணீர் கேன் எதையாவது வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களையும் காவலர்களையும் கூப்பிடுங்கள். இழுபடுகிறவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். பக்கவாட்டில், கரை ஓரமாகவே நகர்ந்தால் இழுப்பை விட்டு வெளியே வந்துவிடலாம்.

இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள். தன் ஜோடி எங்கே என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போதும் படகில் ஏறும்போதும் ஊக்குநர் பெயர் படித்துக் கணக்கெடுக்கட்டும். நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் குப்பையைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று

"பாண்டி போறியா? எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் மதுபாட்டில் கொண்டுவருவது குற்றம். சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு வரும், பஸ்ஸும் மாட்டும், 45 பேரும் நடுரோட்டில் நிற்க வேண்டும். ஓட்டுநர் குடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் வண்டியில் ஏறாதீர்கள். இந்த இரண்டையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டத்தில் பேசி முடிவெடுக்க:
• எந்த மாதம் போகிறோம்? மாதம் எவ்வளவு சேர்க்கிறோம்?
• பணப் பொறுப்பு யார் இருவர்?
• பஸ் காகிதங்களைச் சரிபார்ப்பவர் யார்?
• மருந்துப் பை, பெயர்ப் பட்டியல், வீட்டுத் தொலைபேசி எண்கள் யாரிடம்?
• விதவைச் சகோதரிகள், வயதானவர்கள், வசதி குறைந்தவர்கள் விடுபடாமல் எப்படி அழைத்துப்போவது?

இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் வண்டி நின்றால் எங்கே நிற்பது, படகில் எதைப் போடுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். கிளம்புகிற காலையில் பஸ்ஸிலும் ஒருமுறை சொல்லுங்கள். போன 45 பேரும் சிரித்த முகத்தோடு அவரவர் தெருமுனையில் இறங்க வேண்டும், அதுவே நல்ல சுற்றுலா.