தக்காளி மலியும் காலத்தில் தாய்மாரின் பங்கு

சிறுபோகத் தக்காளி சந்தையில் குவியும் நாட்கள் இல்லத்தரசிகளுக்கு மகிழ்ச்சியான நாட்கள். பதுளை, மாத்தளைப் பகுதிகளிலிருந்து லொறிகள் வந்திறங்க, விலையும் இறங்கிவிடும். மற்றக் காலங்களில் ஒன்றிரண்டாக எண்ணி வாங்குவோர் அப்போது கிலோக் கணக்கில் வாங்கலாம். ஆனால் வாங்கியதையெல்லாம் ஆணத்தில் போட்டுக் கொதிக்க வைத்தே முடித்துவிடுகிறோம். தக்காளியின் பயனில் ஒரு பகுதி இதனால் வீணாகிறது.

100 கிராம் பழுத்த தக்காளியில் சுமார் 94 கிராம் நீர்தான். அதன் சக்தி 18 கலோரி மட்டுமே. எனினும் ஏறத்தாழ 14 மில்லிகிராம் விற்றமின் சீ அதில் உண்டு. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் தேவை என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நடுத்தரப் பழமொன்றைப் பச்சையாக உண்டால் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்துவிடும்.

சகோதரிகளே, இது உங்களுக்கு ஏன் முக்கியம்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, இறைச்சித் துண்டு தீர்ந்த சட்டியில் எஞ்சிய ஆணத்தோடும் பருப்போடும் கீரையோடும் பசியாறும் தாய்மார் எத்தனை பேர்! இறைச்சியிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக ஏற்கும். கீரை, பருப்பிலுள்ளதை அவ்வளவு எளிதாக ஏற்காது. அதே வேளை உணவில் விற்றமின் சீ சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். ஆகவே வல்லாரைச் சம்பலுக்கும் பருப்புக் கறிக்கும் பக்கத்தில், வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்த பச்சைத் தக்காளிச் சம்பல் இருக்கட்டும். உண்ணும் நேரத்தில் நறுக்குவதே நல்லது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைத் தடுக்கும்.

அப்படியானால் சமைப்பது தவறா? இல்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன், உடற்கலங்களைக் காக்க உதவும் பொருள். 2002 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியை 88 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம் சூடாக்கினர். விற்றமின் சீ 29 வீதம் குறைந்தது. பிரிந்து வந்த லைக்கோபீனோ இரு மடங்குக்கும் மேலாயிற்று. அது கொழுப்பில் கரைவது என்பதால் சிறிது எண்ணெயோ தேங்காய்ப் பாலோ சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும். எனவே பச்சையாகவும் உண்ண வேண்டும், சமைத்தும் உண்ண வேண்டும்.

முற்றாகப் பழுக்காத தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். மணமும் சுவையும் குன்றும். காற்றோட்டமான நிழலில் பரப்பி வையுங்கள். கனிந்து மிஞ்சியவற்றை மட்டும் பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்துங்கள்.

சிறுநீரக நோயாளர்கள், பொற்றாசியம் காரணமாக, வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். இரத்தச்சோகை உள்ளவர்கள் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. தக்காளி அதற்கு ஈடாகாது.

பிள்ளைகளின் தட்டில் வைக்கும்போதே உங்கள் தட்டுக்கும் நான்கு துண்டுகளை எடுத்து வையுங்கள். தாயின் உடலில் தெம்பிருந்தால்தான் வீடும் தெம்பாக இருக்கும்.