லொறியிடம் மின்சாரம் கேட்காதீர்கள்

திருகோணமலையின் சீனன்குடாவில் பற்றரி இறங்கி ஒரு கார் நின்றுவிட்டால், உதவிக்கு முதலில் ஓரங்கட்டுவது பெரும்பாலும் லொறியாகத்தான் இருக்கும். பிரீமா மாவாலையிலிருந்து மா ஏற்றி வருபவை, சீமெந்து லொறிகள், எண்ணெய்க் குதங்களிலிருந்து புறப்படும் பவுசர்கள் என்று அந்த வீதியின் போக்குவரத்தே அப்படி. சாரதிகள் நல்ல மனசுக்காரர்கள். கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள், ஜம்பர் கேபிளும் அவர்களிடமே இருக்கும். காருக்குப் பெருஞ்சேதம் வருவது இந்த இடத்தில்தான்.

கார் 12 வோல்ற் வாகனம். கனரக லொறி 24 வோல்ற். லொறியில் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது அந்தச் சுற்றில் 28 வோல்ற் வரை நிற்கும். பழைய மொரிஸ் மைனர் என்றால் சில பல்புகள் கருகியதோடு தப்பியிருக்கும். இன்றைய பி.எம்.டபிள்யூ, பென்ஸ், அவுடி போன்றவற்றில் கதவுக்கு, கியருக்கு, பிரேக்குக்கு, காற்றுப்பைக்கு என்று தனித்தனிக் கட்டுப்பாட்டு அலகுகள் உண்டு. 12 வோல்ற் கார்ப் பாகங்களைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 16750 தரநியமத்தில், ஜம்ப் கொடுக்கும் நிலைமைக்கென்று ஒரு சோதனை இருக்கிறது: 24 வோல்ற், 60 செக்கன். அதற்குமேல் அந்த அலகுகள் தாங்கும் என்று அந்தச் சோதனை உறுதி தராது. லொறி கொடுப்பதோ 28. சாரதி கேபிளை மாட்டிவிட்டு வந்து, "இப்ப ஸ்டார்ட் அடிச்சுப் பாருங்கோ அண்ணை" என்று சொல்வதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விடும்.

சேதம் எப்போதும் புகையோடு வருவதில்லை. கார் அன்றைக்கு ஓடும். சில வாரம் கழித்து ஒரு கதவுக் கண்ணாடி இறங்காது, பிறகு காற்றுப்பை விளக்கு எரியும். பழுதை அந்த நாளோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

லொறியின் இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாமே என்று கேட்பார்கள். கொள்கையளவில் அது 12 வோல்ற்தான். ஆனால் இரண்டும் ஒரே மூடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இணைப்புக் கம்பிகளில் தூசும் கிறீசும் அப்பியிருக்கும். இருட்டில் ஒரு கிளிப் இடம் மாறினால் மறுபடியும் 24. என் கருத்தில் இந்தப் பரீட்சையே வேண்டாம்.

இங்கே பற்றரி சீக்கிரம் இறங்குவதற்குக் காரணங்கள் உண்டு. ஈய அமிலப் பற்றரிக்கு வெப்பம்தான் முதல் எதிரி. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் நிழலே 35 பாகையைத் தொடுகிறது. அடுத்தது, சும்மா நிற்பது. பூட்டி நிறுத்திய சொகுசுக் கார்கூட அலாரத்துக்கும் சாவி உணரிக்கும் 50 மில்லி அம்பியர் வரை குடிக்கும். நாளுக்கு 1.2 அம்பியர்-மணி, மாதத்துக்கு 36. எழுபது அம்பியர்-மணிப் பற்றரியில் பாதி அதிலேயே போய்விட்டது. வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் காரைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும். 2022 எரிபொருள் நெருக்கடியில் வாரக்கணக்காக ஓடாமல் நின்ற கார்களின் கதையும் இதுதான். முழுதாக ஏறிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். 12.4க்குக் கீழே கிடக்கவிட்டால் தகடுகளில் சல்பேற்று இறுகத் தொடங்கும். மல்டிமீற்றர் ஒன்று வைத்திருந்தால் இதைப் பார்க்க அரை நிமிடம்.

கராஜ்களில் இன்னமும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பற்றரியின் ஒரு முனையைக் கழற்றுவது. கார் அணையாவிட்டால் நல்லது என்று முடிவுகட்டுவார்கள். தயவுசெய்து உங்கள் காரில் இதைச் செய்யவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கையில் பற்றரி திடீரென்று விலகினால், அந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் நொடிப்பொழுதில் எகிறும். கட்டுப்படுத்தும் டயோட்டு இல்லாத ஆல்டர்னேட்டரில் அது 100 வோல்ற்றுக்குக் கிட்டவும் போகும். கடற்காற்றில் துருப்பிடித்த பொடிக்கு வெல்டிங் அடிப்பதானால் நிலைமை வேறு. அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டுப் பற்றரியைக் கட்டாயம் கழற்றவேண்டும்.

இந்த எச்சரிக்கை இலங்கையில் கூடுதலாகப் பொருந்தும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பலரிடம் இருப்பது பழைய கார், அதையே இன்னும் பல வருடம் ஓட்டவேண்டும். எரிந்த அலகை மாற்றினால் மட்டும் போதாது, அந்தக் காருக்கென்று கோடிங் செய்யவேண்டும். கோடிங் செய்யும் கருவியைத் தேடிக் காரை லொறியில் ஏற்றிக் கொழும்புவரை அனுப்பவும் நேரலாம்.

பற்றரி மாற்றும்போதும் அவசரம் கூடாது. ஸ்டார்ட்-ஸ்டொப் வசதியோடு வந்த காரில் ஏ.ஜி.எம். வகைப் பற்றரி இருந்தால் அதே வகைதான் போடவேண்டும். பி.எம்.டபிள்யூவில் புதியதைக் காரின் கணினியில் பதியவேண்டும், இல்லாவிட்டால் பழையதற்குரிய அளவிலேயே சார்ஜ் ஏறும். டிக்கிக்குள் இருக்கும் பற்றரியின் பக்கத்தில் மெல்லிய குழாயொன்று வெளியே போகும். சார்ஜ் ஆகையில் வரும் ஐதரசன் வாயுவைக் காருக்கு வெளியே விடும் வழி அது. மாற்றுபவர் அதை மாட்ட மறந்தால் வாயு உள்ளே தங்கும், அமில ஆவி தகரத்தை அரிக்கும்.

ஜம்ப் எடுத்தேயாக வேண்டுமென்றால் 12 வோல்ற் காரிடமே எடுங்கள். பற்றரி டிக்கியில் இருந்தாலும் பொனட்டுக்குள் அதற்கென்று முனைகள் வைத்திருக்கிறார்கள். முதலில் இரண்டு பொசிற்றிவ்களையும், பிறகு உதவும் காரின் நெகற்றிவையும், கடைசியாக உங்கள் காரின் உலோக நிலப் புள்ளியையும் இணைக்கவேண்டும். கடைசிக் கிளிப்பைப் பற்றரியின் நெகற்றிவிலேயே மாட்டினால், அங்கே கிளம்பும் பொறி ஐதரசனைப் பற்றவைக்கக்கூடும். அந்த முனையிலுள்ள உணரியும் பாதிக்கப்படலாம். கேபிளின் இரண்டு வயர்களும் ஒரே கறுப்பாக இருந்தால் தொடவே வேண்டாம்.

பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. அதன் 12 வோல்ற் பற்றரி எஞ்சினைச் சுழற்றுவதில்லை, கணினிகளை எழுப்பினால் போதும். ஆகவே கையடக்கமான லித்தியம் ஜம்ப் பெட்டியே போதுமானது. முனை மாறினால் தானே மறுக்கும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கக்கூடாது. பூட்டிய காருக்குள் ஏறும் வெப்பத்தை லித்தியம் தாங்காது. பயணம் முடிந்ததும் எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.